கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும்: ஆறு ஏக்கர் கொறங்காட்டை மீட்ட வேலை

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்துக்காரர்களிடம் கொறங்காடு என்றால் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். ஊர்ப் பொதுவில் இருப்பதில்லை. அவரவர் பட்டாவில் இருக்கும். சுற்றிலும் முள்கிளுவையில் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் பூமி இது. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். மண் சரளை கலந்த செம்மண். ஒரு முழம் தோண்டினால் சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக் கல். தண்ணீர் பாய்ச்சாமல், உரம் போடாமல் இந்த மண்ணில் வருஷா வருஷம் ஏதாவது கொடுக்கிற ஏற்பாடு என்று பார்த்தால் கொறங்காட்டை மிஞ்சி எதுவும் இல்லை. காங்கேயம் மாட்டினம் உருவானதும் நிலைத்ததும் இந்த வேலிகளுக்குள்தான்.

எங்கள் குடும்பத்துக்கு வெள்ளகோவிலுக்குத் தெற்கே அப்படி ஆறு ஏக்கர் உண்டு. அப்பாரு (தாத்தா) காலத்துக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் திருப்பூர் வேலைக்குப் போய்விட, காடு ஆண்டுக் குத்தகைக்குப் போனது. ஒரு வருஷத்துக்கு எடுத்தவர் அந்த ஒரு வருஷத்தைத்தானே பார்ப்பார்? மழை வந்தாலும் ஆடு, வராவிட்டாலும் ஆடு. கிளுவை வேலி கிழக்கிலும் தெற்கிலும் விழுந்துவிட்டது. உள்ளே பாதி இடம் கட்டாந்தரை. மழை பெய்தால் தண்ணீர் ஓடி வழிந்துவிடும். மீதியில் சீமைக்கருவேலும் பார்த்தீனியமும். காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் தென்னை வைக்கச் சொன்னார், இன்னொருவர் மனை பிரிக்கச் சொன்னார். கொறங்காடாகவே திரும்பக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தோம். செய்ததை வரிசையாக எழுதி வைத்தால் இதே நிலையில் காடு வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

வேலையைக் கோடையில் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. கோடையில்தான் காடு தன் உண்மையான நிலையைக் காட்டும். எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் காட்டை மூலைக்கு மூலை நடந்து பார்த்தேன். கொழுக்கட்டைப் புல் எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று செல்போனில் குறித்துக்கொண்டே போனேன். வெட்டவெளியில் ஒரு தூர்கூட இல்லை. ஆனால் கிளுவை வேலியின் அடியில், முள்ளுக்குள், பழைய தூர்கள் தடித்துக் கிடந்தன. சங்கஞ்செடிப் புதருக்குள் இருந்தன. கீழே விழுந்து காய்ந்த வெள்வேல மரத்தின் கிளைகளுக்கு நடுவில் நன்றாகவே இருந்தன. அதே மண், அதே மழை. ஆட்டின் வாய் எட்டாத இடத்தில் புல் இருக்கிறது, எட்டுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். மண் செத்துப்போகவில்லை என்பதும், அதற்கு வேண்டியது ஓய்வு என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. ஓய்வு கொடுக்க வேண்டுமானால் வேலி வேண்டும். அதனால் விதை, உழவு, மரம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு வேலியில் கை வைத்தோம்.

கிளுவையைப் போத்தாக, அதாவது நடுவதற்கான கொம்பாக, வெட்டித்தான் நட வேண்டும். மாசியிலிருந்து சித்திரை வரை, இலையெல்லாம் கொட்டி மரம் மொட்டையாக நிற்கும்போது வெட்டுவதே சரி. இலை விட்ட பிறகு வெட்டினால் கொம்பிலிருக்கும் சத்து இலைக்குப் போய்விடும், வேருக்கு மிச்சம் இருக்காது. பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஒருவர் தன் வேலியைக் கவ்வாத்து செய்ய வேண்டியிருந்தது. வெட்டுக்கூலியை நான் கொடுத்து, கொம்புகளை எடுத்துக்கொண்டேன். கட்டை விரல் பருமனுக்குக் குறைந்த கொம்பு எதற்கும் ஆகாது, வெயிலில் வற்றிப்போகும். மணிக்கட்டுப் பருமன் வரை இருக்கலாம், நீளம் நாலு அடி முதல் ஐந்து அடி. அடிமுனையைச் சாய்வாக ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். அடிமுனை எது, தலை எது என்று மாறிவிடாமல் கட்டு கட்டும்போதே ஒரே பக்கமாக அடுக்க வேண்டும். வெட்டியதும் வெட்டுவாயில் பிசின் வடியும். பெரியவர் சொன்னது: “ஒடனே நடாதீங்க தம்பி. நெழல்ல போட்டு வாய் காயட்டும். ஈரத்தோட மண்ணுக்குள்ள போனா அழுகிப்போகும்.” வேப்பமரத்தடியில் நாலைந்து நாள் கிடத்திய பிறகு நட்டோம்.

நடும் முறை எளிது, உடம்புதான் வலிக்கும். கடப்பாரையால் ஓர் அடி ஆழத்துக்குக் குழி போட்டு, போத்தை இறக்கி, மண்ணைக் கடப்பாரையின் மழுங்கிய முனையால் இடித்து இறுக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்தால் அசையக்கூடாது. காற்றில் ஆடுகிற போத்து வேர் விடாது. ஒரு போத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி. விழுந்த நீளம் சுமார் 800 அடி. அதற்கே ஆயிரத்துச் சொச்சம் போத்து பிடித்தது. தண்ணீர் ஊற்றவே இல்லை. இதைக் கேட்டுப் பலர் நம்பவில்லை. கிளுவை தன் கொம்பிலேயே ஈரத்தை வைத்திருக்கும். வேர் இல்லாத நேரத்தில் மண்ணில் ஈரம் நின்றால் அடி அழுகும். சித்திரைக் கடைசியில் ஒரு கோடை மழை விழுந்ததும் கணுவெல்லாம் பச்சை மொட்டு விட்டது. பத்தில் ஏழு பிழைத்தது. பட்டுப்போன இடங்களைக் குறித்து வைத்து அடுத்த கோடையில் நிரப்பினோம்.

ஆனால் போத்து வேலியாக மாற மூன்று மழையாவது பார்க்க வேண்டும். அதுவரை என்ன செய்வது? கிளுவைத் துளிர் வெள்ளாட்டுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு நாள் உள்ளே நுழைந்தால் வரிசையே போய்விடும். எனவே போத்து வரிசைக்கு வெளிப்பக்கமாக முள் அடைத்தோம். முள்ளுக்குப் பஞ்சமே இல்லை, காடு முழுக்கச் சீமைக்கருவேல்தானே. இரண்டு வேலையும் ஒன்றாய் முடிந்தது: உள்ளே வெட்டியது வெளியே வேலியானது. நிற்கிற பழைய வேலியில் வேறு வேலை. அது தலையில் குடை மாதிரி விரிந்து, அடியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டையாக இருந்தது. இடுப்பு உயரத்துக்குக் கவ்வாத்து செய்தால் அடியிலிருந்து கிளைக்கும். நீண்ட பக்கக் கொம்புகளை வெட்டாமல் படுக்கை வாட்டத்தில் வளைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் அடுத்த செடியோடு கட்டினோம். வளைத்துக் கட்டிய கொம்பின் மேல்பக்கம் முழுக்கத் துளிர்த்து ஓட்டை அடைபட்டது. காட்டுக்குள் நுழையும் கடவில் மூங்கில் படல் ஒன்று. கம்பி வேலிக்கும் கல்தூணுக்கும் விலை கேட்டிருந்தேன். இதற்கான மொத்தக் கூலி அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. அதோடு கம்பி வேலியில் பிரண்டையும் கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் இப்படி ஏறிப் படராது, கௌதாரி முட்டை வைக்காது. வேலி என்று நாம் சொல்வது உண்மையில் ஐந்தடி அகலத்தில் ஒரு நீளமான காடு.

சீமைக்கருவேலை எடுப்பது பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், இதில்தான் நிறையப் பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள். தரையோடு வெட்டினால் அது சாவதில்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்கு ஓர் அடிக்குள், உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்ட வெட்ட அங்கிருந்து ஒன்றுக்குப் பத்தாய் வெடிக்கும். அந்தக் கழுத்து வரை தோண்டி, அதற்குக் கீழே வேரை வெட்டி எடுத்தால் முடிந்தது கதை. ஜேசிபி விட்டால் ஒரே நாளில் வேலை முடியும், அது உண்மை. ஆனால் மேல்மண்ணும் அடிச்சரளையும் புரண்டுவிடும், இருக்கும் நாலு கொழுக்கட்டைத் தூரும் போய்விடும், மண்ணுக்குள் உறங்கும் சீமைக்கருவேல் விதைகள் மேலே வந்து அடுத்த மழைக்கு முளைக்கும். பெரிய மரங்கள் நெருக்கமாக நின்ற வடமேற்கு மூலைக்கு மட்டும் இயந்திரம். மற்ற இடமெல்லாம் மழை பெய்து மண் இளகிய நாட்களில் மண்வெட்டியும் கடப்பாரையும்தான். கட்டை விரல் பருமன் கன்றுகள் அந்த ஈரத்தில் கையோடு வந்துவிடும். தடிமரங்களைக் கரிமூட்டம் போடுபவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பணம் தோண்டிய கூலிக்குச் சரியாகப் போயிற்று.

இது ஒரு தடவையில் தீருகிற சங்கதியும் இல்லை. ஆடு மாடு சீமைக்கருவேல் காயைத் தின்றால் விதை செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியே வந்து, உரத்தோடு முளைக்கும். வெளிக்காட்டில் காய் தின்ற மாட்டை அப்படியே உள்ளே விட்டால் நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும். இப்போது வெளியிலிருந்து வாங்கி வரும் எந்த உருப்படியையும் ஒரு வாரம் கட்டுத்தறியில் வைத்துத் தீவனம் போட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் விடுகிறோம். மழைக்குப் பின் ஒரு சுற்று நடந்து முளைத்ததைப் பிடுங்குவது வருஷாந்திர வேலை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும், கைக்கு உறை போட்டுக்கொண்டு. புல் நெருங்கிய இடத்தில் அது தானாகவே குறைந்துவிட்டது.

அடுத்தது கட்டாந்தரை. எங்கள் காடு மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சாய்கிறது, கண்ணுக்குத் தெரியாத சாய்வு. 25 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது சுமார் ஒரு லட்சம் லிட்டர். அத்தனையும் ஓடிப்போவதும் இறங்குவதும் மேலே இருக்கும் ஓர் அங்குல மண்ணைப் பொறுத்தது. கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் மட்டத்தை வைத்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் கோடுகளைச் சுண்ணாம்புத் தூளில் போட்டோம். அந்தக் கோட்டின் மேல், காட்டில் கிடந்த கற்களைப் பொறுக்கி முழங்காலுக்கும் குறைவான உயரத்தில் வரிசை வைத்தோம். அணை கட்டுகிற எண்ணம் இல்லை. ஓடும் தண்ணீரை நடக்க வைத்தால் போதும். கல்லிடுக்கில் அது கசிந்து போகும்போது மண்ணையும் சருகையும் புல்விதையையும் விட்டுவிட்டுப் போகும்.

கல் இல்லாத இடங்களில் முள்தான். காய் இல்லாத சீமைக்கருவேல் கிளைகளை வெட்டிக் கட்டாந்தரையின் மேல் படுக்கப் போட்டுப் பரப்பினோம். இந்த வேலைக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று தொடங்கும்போது யாரும் நினைக்கவில்லை. முள்ளுக்கடியில் சருகு சேர்ந்தது, நிழல் விழுந்தது, கரையான் வந்தது. கரையான் அந்தக் கட்டைகளைத் தின்ன மண்ணைத் துளைத்து மேலே கொண்டுவர, கடப்பாரைக்கே இறங்காத தரை ஒரே மழைக்காலத்தில் பொலபொலத்தது. காற்றில் வந்த விதை அங்கே சிக்கியது. அந்த முள்ளே முளைத்த புல்லுக்குக் காவலாகவும் இருந்தது. விதைக்காத இடத்திலும் முதல் புல் அங்கேதான் வந்தது. டிராக்டர் விட்டு ஐந்து கலப்பையில் உழுத ஒரு துண்டும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே முதல் பெருமழையில் மேல்மண் இறுகி மறுபடி ஏடு கட்டிவிட்டது.

விதைக்கு வருகிறேன். கொழுக்கட்டைப் புல்லின் கதிர் நரைத்த வால் போல மென்மயிரோடு இருக்கும். மழைக்குப் பின் மார்கழி தையில் முற்றும். எல்லாக் கதிரும் ஒன்றாக முற்றாது, முற்றியது அன்றே உதிரும். காலையில் பனி காய்ந்ததும் போய், கதிரை விரல்களுக்கு நடுவில் வைத்து உருவினால் முற்றியது கையோடு வரும், முற்றாதது நிற்கும். பக்கத்து வேலிகள், கோயில் நிலம், சுடுகாட்டு ஓரம் என்று ஆடு போகாத இடங்களில் சேர்த்தோம். வட்டார விதையாக இருந்தால் இந்த வறட்சிக்குப் பழகியது என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்ற நீலக்கொழுக்கட்டை ரகமும் இருக்கிறது. அதை ஒரு பட்டையில் மட்டும் போட்டோம், இலை அதிகம் தருகிறது. ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை போதும்.

அந்தத் தையில் எடுத்த விதையை உடனே போட்டால் முளைக்காது. இந்த விதைக்கு உறக்க காலம் உண்டு, ஆறேழு மாதம் துணிப்பையில் காற்றோட்டமாகக் கிடக்க வேண்டும். கோடையைத் தாண்டி ஆவணியில் ஈரத்துணியில் போட்டுப் பார்த்தோம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முளைத்தது. காட்டுப் புல்லுக்கு அது நல்ல கணக்கு. அடுத்த தொல்லை, மயிர் ஒட்டிய விதை கைக்கு நிற்காது, காற்றில் பறக்கும், எறும்பு வேறு இழுத்துப் போகும். செம்மண், மக்கிய சாணம், கொஞ்சம் சாம்பல் சேர்த்துப் பிசைந்து, விதையைக் கலந்து, கோலிக்குண்டைவிடச் சிறியதாக உருட்டி நிழலில் காய வைத்தோம். வீட்டில் ஆத்தாவும் அக்காவும் பிள்ளைகளுமாய் சாயங்காலங்களில் உட்கார்ந்து உருட்டியதுதான் எல்லாம். புரட்டாசியில் முதல் மழைக்கு முன்னால், தரையைக் கிளறி விட்ட மட்டக் கோடுகளிலும் முள் பரப்பிய திட்டுகளிலும் தூவினோம். மூடக்கூடாது; ஒரு விரலுக்கடை மண் மேலே விழுந்தாலே இந்த விதை ஏறி வராது. கூடவே கொள்ளும் நரிப்பயறும் தெளித்தோம். கொள்ளு நிழலுக்கு, நரிப்பயறு மண்ணுக்கும் பின்னால் மாட்டுக்கும். கொள்ளை மயில்கள் பாதி தின்றுவிட்டன. எங்கள் பக்கம் இப்போது மயில் தாங்க முடியாத அளவுக்குப் பெருகிவிட்டது, அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. புல்லை அவை தொடவில்லை.

ஐப்பசி மழை சுமாராகப் பெய்தது. கார்த்திகையில் காடு பச்சை பிடித்தது. அங்கேதான் உண்மையான சோதனை வந்தது, ஏனென்றால் பச்சையைப் பார்த்ததும் ஊரில் எல்லோருக்கும் ஆடு ஞாபகம் வந்துவிடுகிறது. மாமா ஒருவர் நேராகவே கேட்டார்: “ஏனுங் மாப்ள, புல்லு இப்படி நிக்குது, பத்து ஆட்ட வுடாம பாத்துட்டே இருக்கீங்க?” முளைத்த வருஷத்தில் கொழுக்கட்டை மேலே காட்டுவதைவிடக் கீழேதான் அதிகம் வேலை செய்கிறது. வேரிலும் தூரின் அடிக்கட்டையிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்தால்தான் வைகாசி வெயிலைத் தாண்டி அடுத்த மழைக்குத் துளிர்க்க முடியும். அந்தச் சேமிப்பு இலையிலிருந்து இறங்குவது. சேமிக்கும் முன் இலையைக் கடித்தால் கோடையில் தூர் காய்ந்து கையோடு வரும். முதல் வருஷம் ஓர் உருப்படியையும் விடவில்லை. புல் கதிர் தள்ளி, முற்றி, தானாக உதிர்ந்து, மஞ்சளாகக் காய்ந்து நின்றது. அதைப் பார்க்கப் பொறுக்காதவர்கள் அதிகம். ஆனால் மறுவருஷம் நாங்கள் உருண்டை போடாத இடங்களிலும் கன்றுகள் வந்தது அந்த உதிர்ந்த விதையால்தான்.

இரண்டாம் வருஷத் தை மாதம் முதலில் மாட்டை விட்டோம். செம்மறியைப் பிறகுதான் விட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மாடு நாக்கால் சுருட்டி இழுத்துத் தின்னும், அடியில் கொஞ்சம் மிச்சம் வைக்கும். செம்மறி உதட்டால் பிடித்துத் தரையை ஒட்டிக் கடிக்கும். இளந்தூரின் வளரும் முனையே போய்விடும். புல் கெட்டிப்பட்ட காட்டில் இரண்டும் சேர்ந்து மேயலாம், இளங்காட்டில் முடியாது. வெள்ளாட்டுக்கு இப்போதும் அனுமதி இல்லை.

எத்தனை உருப்படி என்பதை ஆசைக்கு விடாமல் அளந்து முடிவு செய்தோம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம் ஒன்றை அடித்து, காட்டில் நல்ல இடம், நடுத்தர இடம், மோசமான இடம் என்று பல பக்கம் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, காய வைத்து எடை போட்டோம். சராசரி 300 கிராம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர், ஆக ஏக்கருக்குச் சுமார் 1,200 கிலோ காய்ந்த புல். புல் பிடித்திருந்த நாலரை ஏக்கருக்கு 5,400 கிலோ. அதில் பாதியைத்தான் எடுக்கலாம், மறுபாதி தூருக்கும் மண்ணுக்கும். மிச்சம் 2,700 கிலோ. ஒரு காங்கேயம் பசு 320 கிலோ என்று வைத்தால், உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரை வீதம் நாளைக்கு 8 கிலோ, வருஷத்துக்கு 2,900 கிலோ. அதாவது ஆறு ஏக்கர் காடு ஒரே ஒரு பசுவுக்குக்கூட முழுசாகப் பற்றவில்லை! இந்தக் கணக்கை வீட்டில் வாசித்துக் காட்டியபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. குத்தகைக் காலத்தில் இதே காட்டில் ஐம்பது அறுபது ஆடு வருஷம் முழுக்க நின்றிருக்கிறது. அவை தின்றது அந்த வருஷத்துப் புல்லை மட்டுமல்ல, அடுத்தடுத்த வருஷத்து வேரையும் சேர்த்துத்தான்.

கணக்குக்கு ஏற்றபடி ஏற்பாட்டை மாற்றினோம். ஒரு மயிலை (சாம்பல் கலந்த வெள்ளை நிறம்) பசுவும் அதன் கன்றும் நிரந்தரம். பகலில் மேய்ச்சல், இரவில் சோளத்தட்டு. பாதித் தீவனம் தட்டு என்பதால் புல்லுக்கு அதன் பாரம் பாதிதான். மூன்றாம் வருஷத்திலிருந்து பத்து மேச்சேரிச் செம்மறி, அவையும் ஆறு மாதத்துக்கு மட்டும். கார்த்திகையில் குட்டியாக வாங்கி, வைகாசிக்குள் விற்றுவிடுவது. ஒரு செம்மறி நாளைக்கு முக்கால் கிலோ காய்ந்த புல் தின்னும் என்று வைத்தால் பத்துக்கும் சேர்த்து ஆறு மாதத்துக்கு 1,350 கிலோ. பசுவின் பங்கோடு கூட்டினால் 2,800 வருகிறது. கொஞ்சம் கூடுதல்தான், அதை வெள்வேலங்காய் சரிக்கட்டும்.

காட்டை நாலு துண்டாக முள் அடைத்துப் பிரித்தோம். மழைக்காலத்தில் ஒரு துண்டில் பத்து நாள், பிறகு அந்தத் துண்டுக்கு ஒரு மாத ஓய்வு. நாள் கணக்கு ஒரு வழிகாட்டல்தான். மாட்டை வெளியேற்றுவதைப் புல்லின் உயரம் தீர்மானிக்க வேண்டும். முழங்கால் உயரம் வரும்போது உள்ளே, அரைச் சாணுக்கு இறங்கும்போது வெளியே. கன்று மேய்க்கும் பையனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. கையில் இருக்கும் குச்சியில் அரைச் சாணுக்கு ஒரு வெட்டு போட்டுக்கொண்டான். கோடையில் புல் வளராது, எனவே ஓய்வுக் கணக்கு அப்போது செல்லாது. நிற்கும் காய்ந்த புல்லை எத்தனை மாதத்துக்குப் பரத்துவது என்று மாசியிலேயே முடிவு செய்ய வேண்டும். ஒரு வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. அந்த வருஷம் செம்மறிகளை மாசியிலேயே சந்தைக்கு ஏற்றிவிட்டோம், எடை வராமலே, குறைந்த விலைக்கு. பங்குனி வரை வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் விலை கிடைத்திருக்கலாம், ஆனால் அந்த ஒரு மாதம் அவை தூரைத்தான் தின்றிருக்கும். தூர் போனால் அதைத் திரும்ப வாங்கச் சந்தை கிடையாது.

வெள்வேல் பற்றிக் கொஞ்சம். பழைய மரங்கள் காட்டில் பதினைந்து பதினாறு மிச்சம் இருந்தன. நிழல் அடர்த்தியில்லாத மரம், அதனால் அடியில் புல் நன்றாகவே வரும். வேர்முடிச்சு தழைச்சத்தைச் சேர்க்கும். கோடையில் தரையெல்லாம் காய்ந்திருக்கும்போது நெற்று உதிர்க்கும், செம்மறிக்கு அதைவிட ருசியான தீவனம் இல்லை. புதுக்கன்றுகளுக்கு விதை தேடிப் போகவில்லை. ஆட்டுப்பட்டியைக் கூட்டினால் புழுக்கையோடு கிடைக்கும் விதை, வயிற்றுக்குள் போய் வந்ததால் ஓடு இளகி, நேரே முளைக்கும். மரத்திலிருந்து பொறுக்கிய விதையென்றால் கொதிக்க வைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். முப்பதடிக்கு ஒன்றாகக் குழிக்கு நாலு விதை போட்டு, மேலே முள் கவிழ்த்துவிட்டோம். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கிறது. அடிக்கிளைகளை ஆள் உயரத்துக்குக் கழித்துவிடுவது தவிர வேறு வேலை இல்லை.

இப்போதைய நிலை: ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் மேலாகப் புல் பிடித்திருக்கிறது. மரச்சட்டம் போட்டு அறுக்கும்போது நல்ல துண்டுகளில் 400 கிராமைத் தாண்டுகிறது. அதைக் கண்டு உருப்படியைக் கூட்டவில்லை. இன்னும் இரண்டு மழையாவது பார்த்துவிட்டுத்தான் இன்னொரு பசு என்று அப்பா சொல்லிவிட்டார். கிழக்கு வேலி முழுசாக அடைபட்டு முள் அடைப்பை எடுத்தாகிவிட்டது. தெற்கில் சுக்கான்கல் மேலேயே தட்டும் அறுபதடி இடத்தில் மட்டும் போத்து பிடிக்கவே மாட்டேன் என்கிறது. அங்கே குழியைப் பெரிதாக வெட்டி, ஏரி வண்டல் நிரப்பி, கிளுவைக்குப் பதில் சங்கஞ்செடியும் கள்ளியும் கலந்து வைத்துப் பார்க்கப் போகிறோம். உழுது இறுகிப்போன துண்டுக்கு வரும் ஆடியில் சோளமும் கொள்ளும் விதைத்து, தட்டை அறுத்த பிறகு தாளோடு விட்டு, புரட்டாசியில் புல் உருண்டை போடுவதாகத் திட்டம். முன்பெல்லாம் புல் கிழடாகிப் போன கொறங்காட்டைச் சில வருஷத்துக்கு ஒரு முறை உழுது சோளம் போட்டு, அதோடு புல்லைப் புதுப்பிப்பது வழக்கம்தான்.

பக்கத்துப் பெரியவரின் காட்டிலும் இந்த மாசியில் போத்து நடுகிறார்கள். எங்கள் வடக்கு வேலியைக் கவ்வாத்து செய்ய வேண்டிய வருஷம் இது, கொம்பு அவருக்குப் போகிறது.